ஏழாம் நம்பர் மெத்தை

"இருமினாரு. லொக்கு லொக்குன்னு இருமினாரு. நானே என் காதால கேட்டேன்னு சொல்றேன், நீ என்னடான்னா—"

"இருமுறவங்க எல்லாம் நோயாளின்னா எங்கப்பா பிறந்ததுல இருந்தே நோயாளிதான். பாலிசியில என்ன போட்டிருக்குன்னு முதல்ல—"

"பாலிசிய நான் படிச்சாச்சு."

"எத்தனை பக்கம்?"

மெத்தைக்காரர் படித்தது ஒரு பக்கம். அதுவும் முதல் பக்கம். அதில் ஒரு அப்பா, ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய், எல்லோரும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாய்கூடச் சிரிக்கிறதே, நல்ல பாலிசியாகத்தான் இருக்கும் என்று மூன்று வருடங்களுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டார். மீதி முப்பத்து மூன்று பக்கங்களை அவருடைய மனைவி இப்போதுதான், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து, எறும்பு ஊர்வது போன்ற எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிப் படித்து முடித்திருந்தாள்.

பெருந்தொற்று வந்து ஊரே அடைந்து கிடந்த நாலு மாதமும் மெத்தைக் கடையும் அடைந்து கிடந்தது. வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. தொழில் நின்றுபோனால் நஷ்டஈடு உண்டு என்று அந்த நாயை நம்பித்தான் அவர் விண்ணப்பம் போட்டிருந்தார். அது வந்தால் கடை பிழைக்கும். வராவிட்டால் இந்த மாதக் கடைசியில் சாவியைக் கட்டடக்காரர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

"கேளுங்க. இருபத்தியேழாம் பக்கம். ‘கடை வளாகத்திற்குள் தொற்றுநோய் கண்ட ஒருவரேனும் இருந்து, அதன் பொருட்டு அதிகாரிகள் அந்த வளாகத்தை மூடியிருத்தல் வேண்டும்.’"

"மூடினாங்களே."

"ஊரை மூடினாங்க. நம்ம கடைய யாரு மூடினது? நீங்கதான் மூடினீங்க. ஊரே நனைஞ்ச மழையில நனைஞ்சா காசு கிடையாதாம். உங்க தலையில மட்டும் ஒருத்தன் வாளியோட வந்து ஊத்தியிருக்கணுமாம்."

"அதுக்குத்தான் சொல்றேன், அந்தத் தபால்காரர்—"

"அவரைத்தான் நீங்க மருந்து அடிச்சு விரட்டினீங்களே."

அதுவும் உண்மைதான். கடை மூடுவதற்கு முந்தின நாள், அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் வந்து, மெத்தை பார்க்கிறேன் என்று நாலாம் நம்பர் மெத்தையில் படுத்து, வாகாக ஒருக்களித்து, இருமத் தொடங்கினார். மெத்தைக்காரர் நாலு கஜம் தள்ளி நின்று கிருமிநாசினியைப் பீய்ச்சினார். மனிதர் அரை மணி நேரம் அசையவில்லை. பாட்டில் காலியான பிறகுதான் எழுந்து போனார்.

அன்றைக்கு யாரை விரட்டினாரோ அவரையே இன்றைக்குத் தேடிப் போக வேண்டியதாயிற்று. வெறுங்கையோடு போகலாமா? ஒரு நல்ல தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார்.

தபால்காரர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரே வரியைத்தான் பாடினார்கள்.

"ஐயா, நீங்கதானே அன்னிக்கு எங்க கடையில இருமினீங்க?"

"ஆமா. கேஸ் போட வந்திருக்கீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்கய்யா. நன்றி சொல்ல வந்திருக்கோம்."

தபால்காரர் தலையணையைப் பார்த்தார். மெத்தைக்காரரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "தம்பிக்கு உடம்பு நல்லா இருக்குல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவருக்கு நல்லாதான் இருக்கு. உங்களுக்குத்தான் அப்ப நல்லா இல்லாம இருந்துச்சான்னு கேட்க வந்திருக்காரு."

"எனக்கா? எழுபத்திரண்டு வயசாகுதும்மா. முப்பத்தாறு வருஷம் வீடு வீடா நடந்தவன். ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்லை."

"நல்லா யோசிச்சுப் பாருங்கய்யா," என்று கெஞ்சினார் மெத்தைக்காரர். "லேசா? ஒரு அரை நாள்? சாயங்காலமா?"

"இல்லவே இல்லை."

"அப்ப எதுக்கு அந்த இருமு இருமினீங்க?"

"நீங்க பக்கத்துலயே நின்னு ஸ்பிரிங் எத்தனை, கேரண்டி எத்தனைன்னு பேசிக்கிட்டே இருந்தீங்க. ஒரு இருமல் போட்டேன். நாலு கஜம் தள்ளிப் போனீங்க. அப்புறம் அப்பப்ப ஒண்ணு போட்டுக்கிட்டு அரை மணி நேரம் அசந்து தூங்கினேன். நல்ல மெத்தை தம்பி." வீட்டைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சம்சாரம் செல்போன்ல பாட்டு கத்துக்கறா. ஏழு மாசமாச்சு. இன்னும் அந்த வரியத் தாண்டல."

மெத்தைக்காரர் மதில்மேல் சாய்ந்துகொண்டார். கதை முழுவதையும் கேட்ட தபால்காரருக்கு மனம் இளகிவிட்டது. "நான் வேணும்னா உங்க ஆபீசர் வர்றப்ப வந்து ரெண்டு இருமல் இருமிட்டுப் போகட்டுமா?"

மெத்தைக்காரர் முகம் மலர்வதற்குள் மனைவி குறுக்கே வந்தாள். "வேண்டாங்கய்யா. பொய் சொல்லி வாங்குற காசு எங்களுக்கு வேண்டாம்."

"சரிம்மா," என்றார் தபால்காரர். தலையணையை மட்டும் திருப்பித் தரவில்லை.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து ஆய்வாளர் வருவதாக இருந்தது. கடையில் தையல்காரி ஏற்கெனவே வந்து கூட்டிக்கொண்டிருந்தாள். மெத்தைகளுக்கு உறை தைப்பவள். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டை விட்டு விடிந்ததும் வந்துவிடுவாள். கடைதான் அவளுக்கு விசாலம். பன்னிரண்டு வருடமாகப் பின்வாசல் சாவி அவளிடம்தான் இருந்தது.

"என்னண்ணே, காலையிலேயே முகம் தொங்குது?"

"இன்சூரன்ஸ் ஆபீசர் வர்றாரு தங்கச்சி. நம்ம கடைக்குள்ள நோய் இருந்துச்சா, இல்லையான்னு பார்க்கப் போறாராம்."

கூட்டுகிற சத்தம் நின்றது. "இருந்திருந்தா?"

"இருந்திருந்தா கதையே வேற. அந்த நோயாளி மட்டும் என் கையில கிடைச்சிருக்கணும், விட்டிருக்கவே மாட்டேன்."

தையல்காரி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள். தையல் மெஷின் ஓடத் தொடங்கியது, வழக்கத்தைவிட வேகமாக.

மனைவி வெளியே நின்று ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இதென்ன அசிங்கம்? வர்ற ஆளு முதல்ல இதைத்தானே பார்ப்பாரு?"

ஷட்டரின் நடுவில் ஒரு மஞ்சள் காகிதத்தை யாரோ ஒட்டி, யாரோ கிழித்திருந்தார்கள். அடியில் பசையோடு காய்ந்துபோய் ஒரு முத்திரையின் பாதியும், ‘தீர்’ என்று இரண்டே எழுத்தும் மிஞ்சியிருந்தன.

"தீர்னா? ‘ஒட்டாதீர்’தான்," என்றார் மெத்தைக்காரர். "இங்க நோட்டீஸ் ஒட்டாதீர்னு என் ஷட்டர்மேலயே எவனோ ஒருத்தன் நோட்டீஸ் ஒட்டியிருக்கான் பாரு. கடை மூடியிருந்தா எல்லாருக்கும் இளக்காரம்."

கத்தியை எடுத்துச் சுரண்டினார். வரவில்லை. உள்ளே மெஷின் நின்றது. கேட்காமலே தையல்காரி ஒரு வாளி வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தாள். "நகருங்கண்ணே, இதெல்லாம் உங்களுக்கு வராது," என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தேய்த்த தேய்ப்பில் காகிதம் மட்டுமல்ல, ஷட்டரின் பெயின்ட்டும் கொஞ்சம் வந்துவிட்டது.

"உன்னைப் போல நாலு பேர் இருந்தா நான் ஏன் தங்கச்சி கவலைப்படறேன்," என்றார் மெத்தைக்காரர், நெகிழ்ந்துபோய்.

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். நெட்டையான மனிதர், ஆனால் முதுகு கேள்விக்குறி மாதிரி வளைந்திருந்தது. முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவசம், கையில் உறை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கிருமிநாசினி பாட்டில். வாசற்படியில் நின்றபடியே கதவின் கைப்பிடிக்கு மருந்து அடித்தார், அதைத் தொடுவதற்காகக் கையை நீட்டினார், மனம் வராமல் இன்னொரு முறை அடித்தார்.

"உள்ள வாங்க சார்."

"வர்றேன். காத்தோட்டம் எப்படி? யாரும் உடம்பு சரியில்லாதவங்க இல்லையே?"

அந்தச் சமயம் பார்த்து, புதுத் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு தபால்காரர் வந்து சேர்ந்தார். யாரையும் பார்க்காமல் நேராக நாலாம் நம்பர் மெத்தைக்குப் போய்ப் படுத்து, விட்டத்தைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து எடுத்து ஒரு இருமல் இருமினார். அதற்குமேல் ஒரு முனகல். பிறகு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "தம்பி, அன்னிக்கு மாதிரியே பண்ணுது," என்றார்.

திரும்பிப் பார்த்தால் ஆய்வாளரைக் காணோம். எதிர்ப்புற நடைபாதையில் நின்று தனக்குத் தானே மருந்து அடித்துக்கொண்டிருந்தார். அந்த முதுகை வைத்துக்கொண்டு அவ்வளவு சீக்கிரம் எப்படித் தெருவைக் கடந்தார் என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

"யார் அது?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"சும்மா இருமல் சார்," என்றாள் மனைவி.

"சும்மா இருமலா?" தபால்காரர் எழுந்து உட்கார்ந்தார். "ராத்திரி பூரா பழகியிருக்கேம்மா."

"கேட்டீங்களா சார், பழகினதுதானாம். உடம்புக்கு ஒண்ணுமில்ல." மெத்தைக்காரர் வாசலுக்கு ஓடினார். "ஐயா, கொஞ்சம் எழுந்து நின்னு குதிச்சுக் காட்டுங்க. சாருக்கு நம்பிக்கை வரட்டும்."

தபால்காரர் ஐந்து முறை குதித்தார். ஐந்தாவது குதி நன்றாக வந்தது என்று ஆறாவதும் குதித்தார். ஆய்வாளர் பாதித் தெரு வரைக்கும் வந்து நின்றார். ஆளைப் பிடித்து உள்ளே இழுத்துவிட வேண்டும் என்கிற ஒரே எண்ணத்தில் மெத்தைக்காரர் மார்பில் கை வைத்துச் சொன்னார்:

"சார், என் தொழில்மேல ஆணை. இந்தக் கடைக்குள்ள நோயாளின்னு ஒருத்தன் காலடி வெச்சதில்லை."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஆய்வாளர் பையிலிருந்து நோட்டை எடுத்து, நடுத்தெருவில் நின்றபடியே அதை எழுதிக்கொண்டார்.

உள்ளே வந்தவருக்கு நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. "உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது. ரெண்டு வருஷமா இந்த முதுகு படுத்துற பாடு இருக்கே. ராத்திரியில சோபாவுல சாஞ்சு, மேஜையில கவுந்து, எப்படியோ விடியுது."

மெத்தைக்காரருக்கு நஷ்டஈடு மறந்துபோயிற்று. பாலிசி மறந்துபோயிற்று. இருபது வருடத் தொழில்காரர் நிமிர்ந்து நின்றார்.

"எந்த மெத்தையில சார் படுக்கறீங்க?"

"பஞ்சு மெத்தை. மாமனார் கொடுத்தது."

"மாமனாருக்கும் உங்களுக்கும் ஏதாவது மனஸ்தாபமா? அதுல மனுஷன் படுக்கலாமா? வாங்க சார், ரெண்டு நிமிஷம்."

ஒன்றாம் நம்பர் கல் மாதிரி இருந்தது. மூன்றாம் நம்பர் உள்ளே இழுத்தது. நாலில் தபால்காரர் இருந்தார். நகர்கிற எண்ணமும் அவருக்கு இல்லை. மெத்தைக்காரர் சுவரோரம் இருந்த ஏழாம் நம்பரைத் தட்டினார்.

"அது வேண்டாம்ணே," என்று உள்ளிருந்து தையல்காரி வந்தாள். "அதுல பள்ளம் விழுந்திருக்கு."

"புது மெத்தையில எப்படி தங்கச்சி பள்ளம் விழும்?"

"நாலு மாசம் சும்மாவே கிடந்துச்சுல்லண்ணே."

"சும்மா கிடந்தா பள்ளம் விழுமா? அப்படிப் பார்த்தா இவருக்கு விழுந்திருக்கணும்," என்றாள் மனைவி, புருஷனைக் காட்டி.

அதற்குள் ஆய்வாளர் படுத்துவிட்டார். அந்தப் பள்ளம் அவருடைய முதுகுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. கேள்விக்குறி மெல்ல மெல்ல நிமிர்ந்தது. "ஆஹா," என்றார். அப்புறம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கவசத்தையும் தாண்டிக்கொண்டு குறட்டை வந்தது.

தபால்காரர் தலையைத் தூக்கிக் கேட்டார். "இது நடிப்பில்ல தம்பி. அசல்."

"எழுப்புங்க," என்று மனைவி காதோரம் சீறினாள். "எழுப்பி, அந்த ஆணைய வாபஸ் வாங்குங்க. நோயாளி யாரும் வரலைன்னு நீங்களே சொன்னா அவர் எப்படிங்க காசு கொடுப்பாரு?"

"தூங்குறவரை எழுப்பினா நான் என்ன மெத்தைக்காரன்?"

"கடைய மூடிட்டா அப்ப மட்டும் நீங்க என்ன மெத்தைக்காரர்?"

"மெதுவா பேசு, முழிச்சிடப் போறாரு."

ஒரு மணி நேரம் அந்தக் கடையில் எல்லோரும் நுனிக்காலில் நடந்தார்கள். மனைவி கோபத்தையும் நுனிக்காலிலேயே காட்டிவிட்டு, தேநீர் வாங்கி வரப் போனாள். அவள் போன பிறகுதான் ஆய்வாளர் கண்விழித்தார். எழுந்து நின்றார். நேராக நின்றார். தன் உயரத்தைத் தானே நம்பாமல் தலைக்குமேல் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"இந்த மெத்தை எனக்கு வேணும். இதேதான். இதே பள்ளத்தோட."

நாலு மாதத்தில் முதல் விற்பனை. மெத்தைக்காரருக்கு வாயெல்லாம் பல். 

"ஆனா ஒண்ணு," என்றார் ஆய்வாளர். "நான் கொஞ்சம் பயந்த சுபாவம். இந்தக் கடைக்குள்ள நோய் கண்டவங்க யாருமே வந்ததில்லைன்னு நீங்க சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்கன்னா மனசு நிம்மதியா தூங்கும்."

"ஒண்ணு என்ன சார், மூணா தர்றேன்."

மூன்று காகிதத்தில் எழுதினார். மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். கடை முத்திரையை ஒவ்வொன்றிலும் இரண்டு முறை குத்தினார். தேநீரோடு உள்ளே வந்த மனைவி ஒன்றை எடுத்துப் படித்தாள். தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"சார், அப்ப எங்க க்ளெய்ம்?"

ஆய்வாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அதாம்மா, எனக்கும் சங்கடமா இருக்கு. இதுல ஒண்ணை ஃபைல்ல வெச்சுத்தான் ஆகணும். ஒரே ஒருத்தர் இங்க நோயோட படுத்திருந்து, சுகாதார ஆபீஸ்ல இருந்து வந்து இந்தக் கதவு நம்பரைப் போட்டு மூடி, ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்கன்னா போதும். நாலு மாசத்துக்கும் இங்கயே நின்னு எழுதிக் கொடுத்திருப்பேன்."

உள்ளறையிலிருந்து ஒரு நூல்கண்டு உருண்டு வந்து மெத்தைக்காரர் காலடியில் நின்றது. யாரும் எடுக்கவில்லை.

மெத்தையை நாலு பேருமாகத் தூக்கி ஆய்வாளருடைய காரின் மேல் ஏற்றினார்கள். தபால்காரர் ஒரு மூலையைப் பிடித்தார்; பிடித்த கையோடு அதில் கன்னத்தையும் வைத்துக்கொண்டார். ஆய்வாளர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க ஆபீஸ்ல பதினோரு பேருக்கு முதுகுவலி. எல்லாம் நாற்காலி உபயம். நாளைக்கே எல்லாரையும் அனுப்பி வைக்கறேன்."

"பதினோரு பேரா," என்றார் மெத்தைக்காரர்.

"மானேஜரைச் சேர்த்தா பன்னிரண்டு. அவருக்குப் பெரிய சைஸ் வேணும்."

மெத்தைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் முறைக்கத்தான் பார்த்தாள். மூன்று காகிதம், ஆறு முத்திரை, குதித்துக் காட்டிய கிழவர், வெள்ளெழுத்துக் கண்ணோடு அவள் படித்த முப்பத்து மூன்று பக்கம், எல்லாம் சேர்ந்து நினைவுக்கு வர, முதலில் அவளுடைய தோள் குலுங்கியது, பிறகு அடக்க முடியவில்லை. நடைபாதையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பன்னிரண்டு மெத்தை வித்தா கடை பிழைச்சிடும்," என்றார்.

"பிழைச்சிடும். நீங்க இனிமே எதுலயும் கையெழுத்து மட்டும் போடாதீங்க."

"போட்டதுனாலதானே வித்துச்சு."

"ஆமா, பெரிய சாமர்த்தியம்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆய்வாளர் இரண்டாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது தையல்காரி வந்து அவர்களுக்குப் பின்னால் குனிந்தாள். நாலாக மடித்த ஒரு மஞ்சள் காகிதம் அவள் கையில் இருந்தது. ஒரு கண் காரின் மேல் இருக்க, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"அண்ணே, ஷட்டர்ல இருந்து நான் கிழிச்ச நோட்டீஸ் இது, எனக்கு நோய் வந்தப்ப சுகாதார ஆபீஸ்காரங்க ஒட்டினது, வீட்ல இடமில்லன்னு பதினாலு நாளும் இந்த ஏழாம் நம்பர்லதான் படுத்துக் கிடந்தேன், ஆஸ்பத்திரிச் சீட்டும் இருக்கு, அவர்கிட்ட இப்பவே காட்டட்டுமா, இல்ல அவரு கயித்தைக் கட்டி முடிச்சுக் கிளம்பட்டுமா?"